பிறக்கும் முன்பே இடம் வேண்டும்

அன்புத் தங்கைக்கு,

பகாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பிள்ளைகளைக் கோலாலம்பூர் பக்கத்துத் தேசிய மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போய்வந்த கையோடு, ஜெர்மனியில் குரங்குகளைக் கொன்ற செய்தி ஒரு மாணவன் கண்ணில் பட்டிருக்கிறது. "கூட்டம் கூடிப்போனா கொன்னுறலாமா டீச்சர்?" என்று அவன் வகுப்பில் கேட்டிருக்கிறான். நீங்கள் அவனுக்கு நாலு நாள் தவணை சொல்லிவிட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டு ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அவன் வாயை அடைக்காமல் இருந்தீர்களே, அதுவே நல்ல ஆசிரியருக்கு அழகு.

கொல்லக் கூடாது என்பதுதான் என் பதில். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்தப் பையனை ஏமாற்றியதாகும். கொல்லாமல் விட்ட உயிர் எங்கே இருக்கும், யார் சோறு போடுவார்கள், எத்தனை வருஷத்துக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நடந்தது என்ன? நியூரம்பர்க் மிருகக்காட்சிசாலையில் கினி பபூன் குரங்குகளுக்கு 2009இல் கட்டிய இடம், வளர்ந்த குரங்குகள் 25ம் அவற்றின் குட்டிகளும் வாழ்வதற்கானது. கூட்டம் 40ஐத் தாண்டிவிட்டது. நெருக்கடி கூடக்கூடச் சண்டையும் காயமும் கூடின. கருத்தடை செய்துபார்த்தும் பலிக்கவில்லை, ஏற்றுக்கொள்ளத் தகுதியான வேறு இடமும் அமையவில்லை என்றது நிர்வாகம். 2025 ஜூலை 29 அன்று பார்வையாளர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டு 12 குரங்குகளைக் கொன்றார்கள். உடல்களில் சில பகுதிகள் ஆய்வுக்குப் போயின. மிச்சம் அங்கிருந்த ஊனுண்ணி விலங்குகளுக்குப் போனது.

இதற்கு முன்னோடி 2014 பிப்ரவரி 9 அன்று டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் நடந்தது. மாரியஸ் என்ற ஒட்டகச்சிவிங்கி அப்போது இளங்கன்றுதான். நோய் நொடி எதுவும் இல்லை. அதன் இரத்த உறவுகள் ஐரோப்பாவின் மிருகக்காட்சிசாலைகளில் ஏற்கெனவே நிறைய இருந்ததால், இனப்பெருக்கத் திட்டத்தில் அதற்கு வேலையில்லை என்று முடிவு கட்டினார்கள். நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று வெளியிலிருந்து வந்த கோரிக்கைகளையும் ஏற்கவில்லை. கொன்று, பொதுமக்கள் பார்க்க உடலை அறுத்துப் பாடம் நடத்தி, இறைச்சியைச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். பார்த்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அடுத்த மாதமே அதே இடத்தில், புதிய ஆண் சிங்கம் ஒன்றுக்கு வழிவிட நான்கு சிங்கங்கள் கொல்லப்பட்டன.

இப்படி ஏன் மிஞ்சுகின்றன? கணக்கு எளிமையானது. பிறப்பதில் ஏறக்குறையப் பாதி ஆண். மான், ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், பபூன் போன்றவற்றில் பல பெண்களுக்கு ஓர் ஆண் போதும். காட்டில் பல இனங்களில் வயதுக்கு வந்த ஆண் கூட்டத்தைவிட்டுப் போய்விடும். போகிற வழியில் பல சாகும். கூண்டுக்குள் எங்கே போகும்? போதாததற்கு இங்கே புலியில்லை, பஞ்சமில்லை. மருத்துவர் பக்கத்திலேயே இருக்கிறார். பிறந்ததெல்லாம் பிழைக்கிறது. இடமோ கூடுவதில்லை. இதன்மேல் வம்சாவளிக் கணக்கு வேறு. ஒவ்வொரு விலங்கும் யாருக்குப் பிறந்தது, யாருக்கு என்ன உறவு என்று பதிவேடு வைத்திருக்கிறார்கள். நெருங்கிய உறவுக்குள் கலந்தால் இனம் நலிந்துவிடும் என்பதால், பதிவேட்டில் உறவு குறைந்த விலங்குக்கு மதிப்பு அதிகம். உடன்பிறப்புகள் நிறைய உள்ளதற்கு மதிப்பு குறைவு. மாரியஸ் செத்தது இந்தக் கணக்கில்தான்.

கொன்றவர்களின் வாதத்தையும் மாணவர்களிடம் நேர்மையாகச் சொல்லுங்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். குட்டி போடுவதும் அதைப் பாலூட்டி வளர்ப்பதும் ஒரு விலங்கின் வாழ்க்கையில் பெரும்பகுதி. கருத்தடை செய்தால் அதைப் பறித்துவிடுகிறோம், உடம்புக்கும் கேடு வரும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. அதற்குச் சாட்சி நம் நாட்டிலேயே உண்டு. சுமத்ரா காண்டாமிருகத்தில் பெண் நெடுங்காலம் கருவுறாமல் இருந்தால் கருப்பையில் கட்டிகள் வந்துவிடுகின்றன. சபாவில் பராமரிப்பில் இருந்த ஈமான் அப்படித்தான் அவதிப்பட்டு 2019 நவம்பர் 23 அன்று செத்தது. மலேசிய மண்ணில் அந்த இனத்தின் கடைசி உயிர் அது. எனவே, "பிள்ளை பெறாமல் நிறுத்திவிட்டால் எல்லாம் சரி" என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

தமிழ்நாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் சை விட்டேக்கரும் முதலைப் பண்ணை தொடங்கினார்கள். தோலுக்காக வேட்டையாடி இந்திய முதலைகள் அழியும் நிலையில் இருந்த காலம் அது. சதுப்பு முதலை ஒரு ஈட்டுக்கு 25, 30 முட்டை இடும். வடநெம்மேலியில் ஒரே பருவத்தில் இரண்டு ஈடு போட்டவையும் உண்டு. சில பத்து முதலைகளோடு தொடங்கிய இடத்தில் ஆயிரக்கணக்கில் பெருகின. பல மாநிலங்களின் ஆறுகளிலும் ஏரிகளிலும் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு விடுவதற்கு நீர்நிலை இல்லாமல் போயிற்று. முதலை வந்தால் குளிக்கப் போகிறவனும் மீன் பிடிக்கிறவனும் பயப்படத்தானே செய்வார்கள்? தோலுக்காக வளர்க்கலாமா என்ற யோசனை எழுந்தது. சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. இனத்தைக் காப்பாற்றும் வேலை வெற்றி பெற்றது. வெற்றியே சுமையாக வந்து நின்றது.

கொல்லவில்லை. முட்டைகளை எடுத்து அழித்தார்கள். இருப்பவற்றுக்குத் தீனி போட்டார்கள். கடைசியில் 2022இல் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் ரிலையன்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் நடக்கும் மையத்துக்கு அனுப்ப ஏற்பாடானது. அதை எதிர்த்துப் போட்ட பொதுநல வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இதை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரம் முதலைகளை வைத்துச் சோறு போட ஒரு பெரும் பணக்கார நிறுவனம் தேவைப்பட்டது. எல்லா மிருகக்காட்சிசாலைக்கும் அப்படி ஒன்று வாய்க்காது. ஆனாலும் முட்டையிலேயே நிறுத்துவதற்கும், ஓடியாடித் திரியும் இளங்கன்றைக் கொல்வதற்கும் இடையில் மலையளவு தூரம் இருக்கிறது.

பஞ்சாபில், சண்டிகர் அருகே சத்பீர் மிருகக்காட்சிசாலையில் இன்னொரு கதை. ஆசியச் சிங்கங்களைச் சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களோடு கலக்கவிட்டதில் கலப்பினம் பெருகிவிட்டது. கலப்புச் சிங்கம் எந்தப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் உதவாது. அவற்றில் பல நோயாலும் நலிந்தன. ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, பிறந்துவிட்டவற்றை ஆயுள் முடியும்வரை வைத்துக்கொள்வது என்று இந்திய மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் முடிவெடுத்தது. தப்பு மனிதர்களுடையது, அதற்கான செலவையும் மனிதர்களே ஏற்பது என்ற முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

இப்போது உங்கள் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்த அதே இடத்துக்கு வருவோம். 2014 மே மாதம் சீனாவிலிருந்து சிங் சிங், லியாங் லியாங் என்ற பாண்டா ஜோடி தேசிய மிருகக்காட்சிசாலைக்கு வந்தது. அங்கே மூன்று குட்டிகள் பிறந்தன: 2015இல் நுவான் நுவான், 2018இல் யீ யீ, 2021இல் செங் யீ. மூன்றுமே சீனாவுக்குத் திரும்பிவிட்டன. குட்டி பிறந்தால் அது யாருக்குச் சொந்தம், எங்கே போகும் என்பதெல்லாம் தாய் கருவுறும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதியாகிவிட்டது. ஒரு பாண்டாகூட "மிச்சம்" என்று பெயர் வாங்கவில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் கட்டணம், 2 கோடியே 50 லட்சம் ரிங்கிட்டில் குளிரூட்டிய மாளிகை என்று இருந்தபோது, குட்டிக்கு இடமில்லை என்று யார் சொல்லியிருப்பார்கள்? முன்கூட்டியே திட்டமிட முடியும் என்பதற்குப் பாண்டாவே சாட்சி. விலையுயர்ந்த விலங்குக்குச் செய்கிற அந்த ஏற்பாட்டை மானுக்கும் குரங்குக்கும் செய்யச் சொல்வதுதான் நம் கோரிக்கை.

தோட்டத்தில் மாடு வளர்த்த வீடுகளுக்கு இந்த ஞானம் புதிதல்ல. ரந்தாவ் பக்கம் நாங்கள் இருந்த லயத்தில் பாதி வீடுகளில் பசு இருந்தது. பசு கன்று போட்டால்தான் பால். கிடாரி பிறந்தால் வீட்டில் நிற்கும். காளைக்கன்று என்றால் அதன் முடிவு பிறந்த அன்றே எல்லாருக்கும் தெரியும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் லோரி வரும். என் பாட்டி பழைய கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் வைத்துக்கொள்வாள். வாங்குகிறவர் கொண்டுவந்த புதுக்கயிறுதான் கன்றின் கழுத்தில் ஏறும். பணத்தை எண்ணமாட்டாள், தாத்தாதான் எண்ணுவார். அன்று இரவு தாய்ப்பசு கத்துவதை லயமே கேட்டுக்கொண்டு படுத்திருக்கும். யாரும் காதைப் பொத்திக்கொண்டதில்லை. பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது, இளஞ்செடிகளை மாடு தின்றுவிடும் என்று அந்தப் பக்கம் மேய்க்கத் தடை போட்டார்கள். மேய்ச்சல் சுருங்கியது. உடனே தாத்தா செய்த முதல் காரியம் பொலிகாளையை விற்றது. புல் எவ்வளவோ அவ்வளவு மாடு என்பது அவருடைய கணக்கு. பிறந்த பிறகு தவிப்பதைவிடப் பிறக்கும் முன்பே யோசிப்பது மேல் என்று படிக்காத மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அவராவது பாலுக்காக மாடு வளர்த்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. மிருகக்காட்சிசாலை கொடுக்கும் வாக்கு அதைவிடப் பெரியது. "இனத்தைக் காப்பாற்றுகிறோம்" என்று சொல்லித்தான் நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். அப்படியானால் பிறக்கும் ஒவ்வொரு உயிரும் அந்த வாக்குக்குள் அடக்கம். குட்டி பிறந்தால் கூட்டம் வரும். பெயர் சூட்டப் போட்டி வைப்பார்கள். பத்திரிகையில் படம் வரும். அந்தக் குட்டி வளர்ந்து மூன்றாம் வயதில் எங்கே நிற்கிறது என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. கூட்டத்துக்காகக் குட்டி பெறவிட்டு, வளர்ந்ததும் மிச்சம் என்று கழிப்பதுதான் இதில் உள்ள பெரும் பாவம். கத்தி எடுத்த நாள் வெறும் கடைசி நாள். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்ட நாளிலேயே பொறுப்பு தொடங்கிவிட்டது.

காட்டில் விட்டுவிடலாமே என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள். எந்தக் காட்டில்? நம் நாட்டுக் காட்டில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. கண்ணி வைப்பவர்கள் இருக்கும்வரை, இரையான மான் குறைந்துகொண்டே போகும்வரை, கூண்டில் பிறந்த புலியைக் கொண்டுபோய் விடுவது கொல்வதற்குச் சமம். ஜெலுபுப் பக்கம் சாலையைக் கடக்கும் தாப்பிர் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறதே, அதற்கே நாம் இன்னும் சரியான வழி செய்து கொடுக்கவில்லை. விடுவதற்குக் காடு வைத்திருப்பவன்தான் விடுவதைப் பற்றிப் பேசலாம். கூண்டில் பெருக்கும் ஒவ்வொரு திட்டமும், காட்டைக் காக்கும் திட்டத்தோடு கைகோத்து வர வேண்டியது இதனால்தான்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சினால் என்ன செய்வது? ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்துக் கடைசிவரை காப்பாற்றுங்கள். அதற்கான செலவை முதல் நாளிலேயே ஒதுக்குங்கள். நல்ல பராமரிப்புள்ள இன்னோர் இடம் கேட்டால் கொடுங்கள். ஆனால் யாரிடம் கொடுக்கிறோம், அங்கிருந்து அது எங்கே போகும் என்று விசாரித்துக் கொடுங்கள். தரங்கெட்ட தனியார் கூண்டுக்கோ, காசு கட்டிச் சுடுகிறவனுடைய வேலிக்குள்ளோ தள்ளிவிடுவது கொல்வதைவிடக் கொடுமை. தீராத நோயும் வலியும் உள்ள விலங்குக்கு மட்டும் மருத்துவர் கையால் முடிவு தருவதை நான் ஏற்கிறேன். கோப்பன்ஹேகன் செய்ததை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அவர்கள் ஊரறியச் செய்தார்கள். யாருக்கும் தெரியாமல் பின்வாசலில் கழித்துக்கட்டும் இடங்களைவிட அது நேர்மை.

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2012இல் மிருகக்காட்சிசாலைகளுக்கென்றே விதிமுறைகளும் வந்தன. உரிமம் கொடுக்கும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் ஒரு குடிமகனாக நான் கேட்பது இதைத்தான்: ஒவ்வொரு மிருகக்காட்சிசாலையும் ஆண்டுதோறும் எத்தனை பிறந்தன, எத்தனை செத்தன, எத்தனை எங்கே போயின என்று பொதுமக்கள் பார்க்கும்படி எழுதி வைக்கட்டும். இனப்பெருக்கத்துக்கு அனுமதி கேட்கும்போதே, குட்டி வளர்ந்தபின் எங்கே வாழும் என்பதற்கு எழுத்தில் பதில் இருக்கட்டும்.

உங்கள் மாணவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "கொல்லக் கூடாது. ஆனா அது போதாது. பிறக்கறதுக்கு முன்னாலயே அதுக்கு இடம் இருக்கான்னு கேக்கணும்." அடுத்த முறை மிருகக்காட்சிசாலைக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போகட்டும்: போன வருஷம் இங்கே பிறந்த குட்டிகள் இப்போது எங்கே? பராமரிப்பாளரிடம் மரியாதையாகக் கேட்கட்டும். பெரும்பாலான பராமரிப்பாளர்கள் விலங்குகளை உயிராக நேசிப்பவர்கள். அவர்களுக்கும் இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்ற ஆதங்கம் இருக்கும். பதிலை வகுப்பில் எழுதவைத்து எனக்கு அனுப்புங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளின் பெயரால் நிர்வாகத்துக்கு நானே கடிதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
நெகிரி செம்பிலான்