மாணவர்களை நெருங்கும் போதை



காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்ய, நெசவாளிக்குத் துணையாக இன்னொருவர் தறியில் உட்கார்ந்து மறுகரையின் நாடாவை எறிய வேண்டும். முன்னாளில் அவ்விடத்தில் பெரும்பாலும் சிறுவர்களே உட்கார்ந்தனர். படிப்பைப் பறித்த அவ்வழக்கம் குறைந்தது நன்மையே. ஆனால் இன்று தகப்பனார் ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ ஷிப்டு வேலைக்குப் போய்விடுகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளை மாலைப் பொழுதை யாருடன் கழிக்கிறான் என்று கவனிக்க ஆளில்லாத வீடுகள் பல.

போதை நுழைவது அந்நேரத்தில்தான். அது சாராயமாக மட்டும் வருவதில்லை. மாத்திரையாகவும், கஞ்சாவாகவும், முகரும் பசையாகவும் வருகிறது. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, முகரும் பொருள்களை உபயோகிப்போர் பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களிலோ 1.17 சதவீதம். மற்ற போதைகளில் பெரியவர்கள் முந்தி நிற்க, இதில் மட்டும் பிள்ளைகள் முந்துகின்றனர். புத்தகக் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் பொருள் என்பதால் நாம் சந்தேகிப்பதில்லை.

"இது மதுவல்லவே, இதில் என்ன தவறு?" என்று பிள்ளை கேட்கலாம். திருக்குர்ஆன் 5:90-ல் மது விலக்கப்பட்டது. போதை தரும் ஒவ்வொன்றும் அவ்விலக்கில் அடங்கும் என்றும், அதிகம் உட்கொண்டால் மயக்குவதில் சிறிதளவும் ஹராமே என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவாக்கினார்கள். அறிவைத் திரையிட்டு மறைப்பதே மது என்பது ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் விளக்கம். ஆகவே பெயரும் உருவமும் மாறினாலும் சட்டம் மாறாது.

மதுவிலக்கு அருளப்பட்ட நாளில், அபூதல்ஹா (ரலி) அவர்கள் இல்லத்தில் விருந்தினருக்கு மது ஊற்றிக் கொண்டிருந்தவர் இளவயதினரான அனஸ் (ரலி) அவர்கள். அறிவிப்பு காதில் விழுந்ததும், அதைக் கொட்டிவிடுமாறு அபூதல்ஹா (ரலி) பணித்தார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடிற்று. பெரியவர்கள் முதலில் விட்டார்கள். சிறுவர் அதைக் கண்ணால் கண்டார். மகனைப் பெட்டிக் கடைக்கு அனுப்பிச் சிகரெட் வாங்கிவரச் சொல்லும் தகப்பனார் இதைச் சிந்திக்க வேண்டும்.

வீட்டார் செய்ய வேண்டியவை:

1. மஃரிபுத் தொழுகைக்குப் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். வேலையினால் முடியாதவர், பெரியவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

2. தூக்கம், உணவு, நட்பு, பணச் செலவு ஆகியவற்றில் திடீர் மாற்றம் தெரிந்தால் அமைதியாக விசாரியுங்கள்.

3. சிக்கிக்கொண்ட பிள்ளையை அடித்துத் துரத்தாதீர்கள். வெளியேற்றப்பட்டவனை வரவேற்க விற்பவன் காத்திருக்கிறான். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது, மருத்துவமும் உண்டு. 14446 என்ற இலவசத் தொலைபேசியில் அரசின் ஆலோசனை கிடைக்கும்.

4. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சிறாருக்குப் போதைப் பொருள் கொடுப்போருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. மஹல்லா ஜமாஅத்தார் கூடிப் புகார் கொடுக்கத் தயங்கலாகாது.

நம் சந்ததியரின் அறிவையும் ஈமானையும் அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.