அந்த ஒரு எண் ஆயுளைச் சொல்லுமா?

கேள்வி: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ரத்தத்தில் சிஏ 19-9 அளவு 1,200 என்று வந்திருக்கிறது. இன்னும் எவ்வளவு நாள் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா?

பதில்: நாள் கணக்குச் சொல்ல எந்த ரத்தப் பரிசோதனையாலும் முடியாது, அம்மா. சிஏ 19-9 வழக்கமாக 37க்குள் இருக்கும். மிக உயர்ந்திருப்பவர்களுக்குப் பொதுவாக ஆயுள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கட்டி பித்தக்குழாயை அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலும் இது எகிறும். ஸ்டென்ட் வைத்துப் பித்தம் வடிந்ததும் இறங்கும். அப்பாவின் கண் மஞ்சளாக இருந்தபோது எடுத்த ரத்தமா? அன்றைய பிலிருபின் அளவைச் சேர்த்துப் பாருங்கள். பிறவியிலேயே லூயிஸ் ஆன்டிஜென் இல்லாத சிலருக்கோ, நோய் முற்றினாலும் இந்த எண் ஏறவே ஏறாது.

கீமோ தொடங்கியபின் எண் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதே அதிகம் பேசும்.

மற்ற ரத்தப் பரிசோதனைகளில், அல்புமின் என்ற புரதம் 3.5க்குக் கீழே போய், அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் ஏறினால் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். உடல் உருகுவதன் அடையாளம் அது. வெள்ளணுக்களில் லிம்போசைட்டைவிட நியூட்ரோஃபில் பல மடங்கு கூடியிருப்பதும் நல்லதல்ல. இவை எல்லாவற்றையும்விட, அப்பா எழுந்து நடமாடுகிறாரா, சாப்பிடுகிறாரா என்பதை வைத்தே சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

அடுத்த முறை போகும்போது, சாப்பாட்டோடு போடும் கணைய என்சைம் மாத்திரை அவருக்குத் தேவையா என்று கேளுங்கள். வலி இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.