விறைப்பு ஊசி: லிக்னோகெயினின் பயனும் பாதுகாப்பும்



பல் பிடுங்கும்போதும், வெட்டுக்காயத்துக்குத் தையல் போடும்போதும் முதலில் விறைப்பு ஊசி போடுவதை அறிவீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது லிக்னோகெயின். லிடோகெயின் என்றும் அழைப்பர். சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் 1943 இல் இதனைத் தொகுத்தார். 1948 இல் விற்பனைக்கு வந்தது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இடம்பெறுகிறது.

1. செயற்படும் முறை

நரம்புக் கலத்தினுள் சோடியம் அயன்கள் புகுவதாலேயே கணத்தாக்கம் கடத்தப்படுகிறது. லிக்னோகெயின் அவை புகும் வழியை அடைக்கிறது. எனவே நோவுச் செய்தி மூளையை அடைவதில்லை. நோயாளி விழித்திருப்பார், அப்பகுதி மட்டும் விறைக்கும். பொது மயக்க மருந்தில் நோயாளி நினைவிழப்பார். இவ்வேறுபாடு முக்கியமானது.

2. பயன்கள்

• பல் சிகிச்சை, தையல், சிறு சத்திரசிகிச்சை
• சிறுநீர்க் குழாய் செலுத்தும்போது ஜெலியாக
• சில இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கு நாளத்தினூடாக

3. பாதுகாப்பு

அளவு கூடினாலோ, தவறுதலாகக் குருதிக்கலனுள் சென்றாலோ ஆபத்து. வாயைச் சுற்றி விறைப்பு, காதில் இரைச்சல், தலைச்சுற்று ஆகியன முன் அறிகுறிகள். பின்னர் வலிப்பு ஏற்படலாம், இதயமும் நிற்கலாம். ஆகவே அறிகுறி தோன்றியவுடன் வைத்தியரிடம் கூறுக. முன்னர் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மறைக்காதீர்கள்.

அதிரினலின் சேர்த்தால் குருதிக்கலன்கள் சுருங்கும். மருந்து மெதுவாகவே குருதியிற் கலக்கும், விறைப்பு நீடிக்கும்.

பல் பிடுங்கிய பின் விறைப்பு நீங்கும்வரை சுடுதேநீர் குடிக்க வேண்டாம். வாய் வெந்தாலும் தெரியாது. பல் முளைக்கும் குழந்தையின் முரசில் இம்மருந்தைப் பூசக்கூடாது என அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014 இல் எச்சரித்தது.

4. வன்னி தரும் பாடம்

2009 இன் முற்பகுதியில் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் தற்காலிக வைத்தியசாலைகளில் மயக்க மருந்துகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. காயப்பட்டோர் தாங்கொணா நோவை அனுபவித்தனர். சத்திரசிகிச்சைப் பொருட்கள் போதியளவு கிடைக்காமையை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் பதிவு செய்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிற் சிலர் அதன் சாட்சிகள். ஒரு சிறு மருந்துக் குப்பியின் பெறுமதியை அவர்கள் அறிவர்.

5. மாதிரி வினாக்கள்

(அ) அதிரினலின் சேராத லிக்னோகெயினின் உச்ச அளவு 1 கி.கி. உடல் நிறைக்கு 3 மி.கி. எனக் கொள்க. 40 கி.கி. நிறையுடையவருக்கு 2% கரைசலில் உச்ச அளவு எவ்வளவு?

விடை: 40 × 3 = 120 மி.கி.
2% கரைசலின் 1 மி.லீ. இல் 20 மி.கி. உண்டு.
120 ÷ 20 = 6 மி.லீ.

(ஆ) சீழ் பிடித்த இடத்தில் விறைப்பு ஊசி நன்கு வேலை செய்யாதது ஏன்?

விடை: அவ்விடம் அமிலத்தன்மை கூடியது. அதனால் மருந்து நரம்புக் கல மென்சவ்வினூடாகச் செல்வது குறைகிறது.

கவனிக்க: (அ) கணக்கு பரீட்சைக்கு மட்டுமே. நோயாளிக்கான அளவை வைத்தியரே தீர்மானிப்பார்.