பால்மரத்தில் ஒரு நகைப்பேழை

கோலாசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றி இன்று செம்பனைத் தோட்டங்களே மிகுதியாகத் தென்படுகின்றன. ஒரு காலத்தில் இத்தோட்டங்கள் பலவற்றில் இரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. தோட்டப்புற மக்கள் அதனைப் ‘பால்மரம்’ என்று அழைத்தனர். விடியும் முன்பே எழுந்து, அம்மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்துத்தான் அவர்கள் தங்கள் குடும்பங்களைக் காத்தனர். பால் வற்றிய பிறகு அம்மரம் என்னவாயிற்று? அம்மரத்தின் பலகையைக் கொண்டு வீட்டிலேயே ஒரு நகைப்பேழை செய்வது எப்படி?

விறகாக எரிந்த மரம்

தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இரப்பர் மரத்தின் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஒன்பது கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலாகங்சாரில் நடப்பட்டன. பின்னர், தீபகற்பத்தின் மேற்குக் கரை நெடுகிலும் இரப்பர்த் தோட்டங்கள் உருவாயின. கோலாசிலாங்கூர் வட்டாரத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. காலப்போக்கில் இரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நடப்பட்டது.

இரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் வரை பயன்தரும் அளவுக்குப் பால் சுரக்கும். அதன்பின் அதை வெட்டி வீழ்த்துவார்கள். அம்மரம் நெடுங்காலம் விறகாகவும் கரியாகவுமே பயன்பட்டது. அதில் மாவுச்சத்து மிகுதி, ஆகையால், வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை படர்ந்து மரம் நீலம் பாரிக்கும், வண்டுகளும் துளையிடும். ஆய்வாளர்கள் இக்குறைக்குத் தீர்வு கண்டனர். அறுத்த பலகைகளை உடனுக்குடன் போரான் கரைசலில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்தினால் அவை கெடுவதில்லை. சிலாங்கூரின் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகமும் இத்துறையில் ஆய்வுகள் செய்துள்ளது. இன்று ஜொகூரின் மூவார் நகரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் இம்மரத்தால் செய்யப்படும் மேசை, நாற்காலிகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பால்மரமும் அத்தகையதே.

நகையின் மதிப்பு

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பல குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கு என்று எதுவும் இருந்ததில்லை. ஒரு சோடித் தோடு, ஒரு சங்கிலி, ஒரு தாலிக்கொடி ஆகியவையே அவர்களின் சேமிப்பு. பள்ளி திறக்கும் காலத்திலும் நோய்நொடி வந்தபோதும் அந்நகைகள் அடகுக்கடைக்குச் சென்று, பின்னர் மெல்ல மெல்ல மீண்டும் வீட்டுக்கு வந்தன. துணியில் முடிந்து, தகரப் பெட்டியின் அடியில் அவற்றை ஒளித்துவைத்தனர். இவ்வாறு பாதுகாத்த பழைய நகைகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துபோகாமல் அவற்றைத் தனித்தனியே வைக்க ஒரு பேழை தேவை.

முதலில் அளவு

பேழை செய்ய முற்படுபவர் முதலில் எடுக்க வேண்டிய கருவி வாளோ உளியோ அன்று, அளவுநாடா. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள சங்கிலியைக் கொக்கியில் மாட்டினால் அது இரண்டாக மடிந்து 30 சென்டிமீட்டர் தொங்கும். எனவே, சங்கிலி மாட்டும் மேலறைக்கு 33 சென்டிமீட்டர் உயரம் தேவைப்படும்.

பேழையின் வெளியளவு 45 சென்டிமீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம் என்று கொள்வோம். பலகையின் கனம் 18 மில்லிமீட்டர். பக்கப் பலகைகள் இரண்டும் 45 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். அவற்றின் இடையே பொருந்தும் மேற்பலகை, நடுத்தட்டு, அடிப்பலகை மூன்றும் 30 சென்டிமீட்டர் இருக்கக்கூடாது. இரு பக்கப் பலகைகளின் கனத்தைக் கழித்தால் கிடைக்கும் 26.4 சென்டிமீட்டரே சரியான அளவு. புதிதாகத் தச்சுவேலை பழகுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இக்கழித்தல் கணக்கில்தான். மூன்று குறுக்குப் பலகைகளின் கனத்தையும் மேலறையின் உயரத்தையும் கழித்தால், கீழே இழுப்பறைக்கு 6.6 சென்டிமீட்டர் எஞ்சும்.

பலகை பேழையாகும் விதம்

தோட்டத்தில் வெட்டிக் கிடக்கும் மரத்தை அப்படியே பயன்படுத்தக்கூடாது. பலகைக் கடையில் விற்கும் பதப்படுத்திய, உலர்ந்த இரப்பர்ப் பலகையே ஏற்றது. மூலைமட்டம் வைத்துக் கோடிட்டு, கோட்டின் கழிவுப்பக்கம் வாள் செல்லுமாறு அறுக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவரியும் அணிவது கட்டாயம். மாணவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையிலேயே கருவிகளைக் கையாள வேண்டும்.

பலகையின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும். ஆகவே, பசையை மட்டும் நம்பாமல், துளையிட்டு மரமுளைகளைச் செருகிப் பொருத்த வேண்டும். பசை காய்வதற்குள் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் நேராக உள்ளது. வேறுபட்டால், நீண்ட மூலைவிட்டத்தின் முனைகளை மெதுவாக அழுத்திச் சரிசெய்யலாம். பிறகு இறுக்கிகளைப் பூட்டி ஓர் இரவு விட்டுவிட வேண்டும்.

நம் நாட்டின் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஈரத்தை உறிஞ்சும் மரம் அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. இடமில்லாமல் இறுக்கமாகச் செய்த இழுப்பறை மழைக்காலத்தில் திறக்க மறுக்கும். எனவே, இழுப்பறையின் உயரத்தில் 2 மில்லிமீட்டரும் அகலத்தில் 3 மில்லிமீட்டரும் குறைத்துச் செய்வது நல்லது. பின்புறத்திற்கு, எளிதில் உப்பாத மெல்லிய ஒட்டுப்பலகையைப் பொருத்தலாம். மேலறையின் முன்பக்கத்தை மூடும் கதவை இரண்டு கீல்களால் மாட்டலாம். கதவின் உட்புறம் தோடுகளைத் தொங்கவிடவும் பயன்படும்.

இறுதியாக, சொரசொரப்பான மணல்தாளில் தொடங்கி மென்மையான மணல்தாளில் முடிக்க வேண்டும். இழையோட்டத்தின் வழியே தேய்த்தால் கீறல் தெரியாது. வார்னிஷைக் கனமாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே சிறந்தது.

பேழைக்குள் கவனிக்க வேண்டியவை

வார்னிஷ் வாடை முற்றிலும் நீங்கும் வரை, பேழையைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அதன் பிறகே நகைகளை உள்ளே வைக்கலாம். 916 தங்கத்தில் 91.6 விழுக்காடு தூய தங்கம் இருப்பதால் அது எளிதில் கறுப்பதில்லை. வெள்ளிக் கொலுசு அப்படியன்று. கந்தகம் பட்டால் கறுத்துவிடும். இரப்பர்ப் பாலைப் பதப்படுத்திப் பொருள்களாக்கும்போது பொதுவாகக் கந்தகம் சேர்க்கப்படுகிறது. எனவே, இரப்பர் மரத்தில் செய்த பேழையாயினும், அதனுள் இரப்பர் விரிப்பைப் போடக்கூடாது. தூய பருத்தித் துணியை விரிப்பதே நல்லது.

விலை கொடுத்தால் கடையில் இதைவிட அழகான பேழை கிடைக்கும். ஆயினும், வீட்டில் செய்த பேழைக்கு வேறொரு பெருமை உண்டு. பால்மரத்தை நம்பி வாழ்ந்தவர்களின் சேமிப்பை இன்று அதே மரம் காக்கிறது. பயனற்றது என்று எரிக்கப்பட்ட மரத்தை ஆராய்ச்சி உயர்த்தியது. சரியான அளவும் பொறுமையும் அதை ஒரு கலைப்பொருளாக்குகின்றன.

அருஞ்சொற்பொருள்

பேழை – பெட்டி
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு
மூலைமட்டம் – செங்கோணம் பார்க்கும் தச்சுக் கருவி
மரமுளை – பலகைகளை இணைக்கச் செருகும் சிறு உருளைக்கட்டை
இழையோட்டம் – மரத்தின் நார்கள் செல்லும் திசை

கருத்துணர் வினாக்கள்

1. இரப்பர் மரம் நெடுங்காலம் விறகாகவே பயன்பட்டதற்குக் காரணம் யாது?
2. குறுக்குப் பலகைகளின் நீளம் 26.4 சென்டிமீட்டராக இருக்க வேண்டியது ஏன்? கணக்கிட்டு விளக்குக.
3. வெள்ளி நகைகளை இரப்பர் விரிப்பின்மீது ஏன் வைக்கக்கூடாது?
4. ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன்’ என்னும் பழமொழி பால்மரத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது?
5. உன் குடும்பத்தில் பாதுகாக்கப்படும் பழைய பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, ஒரு பத்தியில் எழுதுக.