தோண்டி மாற்றப்பட்ட கபர்கள்



போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிகா என்று ஒரு சிறிய ஊர். அதையடுத்த பொட்டோச்சாரியில் ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று ஜனாஸா தொழுகை நடக்கிறது. பச்சைத் துணி போர்த்திய பெட்டிகள் வரிசையாக இருக்கும். சில பெட்டிகளில் ஒருசில எலும்புகள்தாம் இருக்கும். மகனை நல்லடக்கம் செய்து முடித்த தாய்க்கு, சில ஆண்டுகள் கழித்து, அவனுடைய இன்னோர் எலும்பு கிடைத்திருக்கிறது, கபரைத் திறக்க வேண்டும் என்று தகவல் வருவதும் உண்டு. ஒரே மனிதரின் எலும்புகள் ஏன் பல இடங்களில் கிடைக்கின்றன? இம்மாதப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புச் சபை அவ்வூரைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. டச்சுப் படையினர் சில நூறு பேர் காவலுக்கு இருந்தார்கள். 1995 ஜூலை 11 அன்று ராட்கோ ம்லாடிச் தலைமையிலான போஸ்னிய செர்பியப் படை ஊரைக் கைப்பற்றியது. பெண்களையும் குழந்தைகளையும் பேருந்துகளில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆண்களையும் விடலைப் பிள்ளைகளையும் தனியே பிரித்தார்கள். காட்டு வழியாகத் துஸ்லா நகருக்கு நடந்தவர்களில் பலர் வழியில் பிடிபட்டனர். சில நாட்களுக்குள் சுமார் 8,000 பேர் கொல்லப்பட்டு, பெருங்குழிகளில் புதைக்கப்பட்டனர்.

ஆகஸ்டில், வானிலிருந்து எடுத்த படங்களை அமெரிக்கா பாதுகாப்புச் சபையில் காட்டியது. புதிதாகக் கிளறப்பட்ட மண் அவற்றில் தெரிந்தது. அதன் பிறகு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. குழிகளைத் தோண்டி, மையித்துகளை அள்ளி லாரிகளில் ஏற்றி, தொலைவில் வெவ்வேறு குழிகளில் கொட்டினார்கள். இயந்திரத்தின் பற்களில் உடல்கள் துண்டாயின. மறுப்பு அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். அறிக்கைகளும் பேச்சுகளும் பின்னால் வந்தவை.

ஆனால் மண் காட்டிக்கொடுத்தது. கோஸ்லுக் என்ற இடத்தில், பாட்டில் தொழிற்சாலைக் கழிவுக் கண்ணாடி கிடந்த நிலத்தில் முதலில் புதைத்திருந்தார்கள். அதே கண்ணாடித் துண்டுகள் தொலைவிலிருந்த குழிகளிலும் எலும்புகளோடு கிடைத்தன. கண்ணைக் கட்டிய துணிகளும் கையைக் கட்டிய கயிறுகளும் கிடைத்தன. 2002இல் போஸ்னிய செர்பிய நிர்வாகத்தின் ஓர் அலுவலகம், இறந்தவர்கள் சுமார் 2,000 பேரே, பெரும்பாலோர் சண்டையில் மாண்ட வீரர்கள் என்று அறிக்கை வெளியிட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு எவரும் சண்டைக்குப் போவதில்லை.

உறவினர்கள் இரத்தம் கொடுத்தார்கள். டி.என்.ஏ. சோதனையால் இதுவரை சுமார் 7,000 பேர் அடையாளம் காணப்பட்டுள்ளனர். நடந்தது இனப்படுகொலை என்று சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2001இல் தீர்ப்பளித்தது. 2004இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. ம்லாடிச்சுக்கும் அரசியல் தலைவர் ராடோவான் கராட்ஜிச்சுக்கும் ஆயுள் தண்டனை. அந்த நிர்வாகமே 2004இல் ஒரு விசாரணை ஆணையத்தின் அறிக்கையை ஏற்று வருத்தம் தெரிவித்தது. நல்லது என்று நினைத்தால், 2018இல் அதன் சட்டமன்றம் அந்த ஏற்பையே ரத்து செய்தது! இடையில் 2016இல் பாலே நகரின் மாணவர் விடுதிக்குக் கராட்ஜிச் பெயரையும் சூட்டினார்கள். 2020இல்தான் அந்தப் பெயர்ப்பலகை அகற்றப்பட்டது.

மதரஸாவில் ஓதிய காலத்தில், பெரும் பாவங்களின் வரிசையில் பொய்ச் சாட்சியையும் படித்தோம். அதை நீதிமன்றக் கூண்டோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். கைப்பேசியில் வேறு நாட்டுப் போரின் படத்தை ஸ்ரெப்ரெனிகா என்று அனுப்புவதும், எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் எதில் சேரும்? அப்படி ஒன்று பொய்யென்று தெரிந்தால், மறுப்பவர்கள் அதைக் காட்டியே மற்றதையும் பொய் என்பார்கள்.

நம்மவர் செய்ததையும் இதே தராசில் நிறுக்க வேண்டும். முற்றுகையிடப்பட்டிருந்த சராயேவோவில், போஸ்னிய அரசுப் படையின் ஒரு பிரிவினர் செர்பியக் குடிமக்கள் பலரைக் கொன்று, நகருக்கு மேலேயுள்ள கசானி என்ற பள்ளத்தில் வீசினார்கள். கொன்றவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். 2021இல்தான் அங்கே நினைவுச்சின்னம் வைக்கப்பட்டது. அதில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கொன்றது யார் என்பது இல்லை. அதைச் சராயேவோ மக்களிலேயே பலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.