கிரேயான் இருக்கும், தாள்தான் இருக்காது

தங்கச்சி, படூர்ப் பள்ளிச் சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்க ஆபீஸ் நண்பர்களோடு போகப்போவதாகச் சொன்னாய். போ. ஆனால் போகிற வழியில் கடையில் நுழைந்து கிரேயான் டப்பாக்களை அள்ளிக்கொண்டு போகாதே. நம் அரசுப் பள்ளிகளில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கிரேயானும், 3 முதல் 5 வரை வண்ணப் பென்சிலும் விலையில்லாப் பொருளாகவே வருகின்றன. முதலில் ஹெச்.எம்.மைப் பார்த்து அனுமதி வாங்கு. என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துவிட்டது என்று கேள். அங்கன்வாடி என்றால் கதை வேறு, அங்கே தனியாக விசாரி.

பெரும்பாலும் குறைவது பெரிய தாளும், அவசரமில்லாத ஒரு மணி நேரமும், கூட உட்கார ஓர் ஆளும்தான். 2012-ல் அரசு பகுதிநேர ஓவிய ஆசிரியர்களைப் போட்டதுகூட 6 முதல் 8 வகுப்புகளுக்குத்தான். தொடக்கப் பள்ளியில் தமிழும் கணக்கும் எடுக்கிற அதே டீச்சர்தான் படத்துக்கும். பாவம், அவரைக் குறை சொல்லாதே.

தாளுக்கு உன் ஆபீஸே போதும். ஒருபக்கம் அச்சான தாள்களைச் சேர்த்து வை; சம்பள விவரம், வாடிக்கையாளர் பெயர் இருப்பதைக் கிழித்துப் போட்டுவிடு. மாதக் காலண்டரின் பின்பக்கம் இன்னும் நல்லது. ஐந்து வயதுப் பிள்ளை தோளிலிருந்து கையை வீசி வரையும். ஏ4 தாள் அதற்குப் போதாது. நான்கைப் பின்பக்கம் ஒட்டிப் பெரிதாக்கு. ஒட்ட மைதாப் பசை போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போல அதில் மயில்துத்தம் மட்டும் போட்டுவிடாதே, அது விஷம். தாளே கிடைக்காத நாளில் சுவரைப் பார். 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே எழுத வகுப்பறைச் சுவர்களின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை அடித்தார்கள். இன்னும் இருந்தால் உனக்கு அதிர்ஷ்டம்.

கிரேயான் மேல் சுற்றியிருக்கும் தாளை உரித்துவிடு. பாதியாக உடை. படுக்கவைத்துத் தேய்த்தால் கடலும் வானமும் ஒரு நிமிடத்தில் நிறையும். உடைத்தால் டீச்சர் திட்டுவார் என்று சில பிள்ளைகள் பயப்படும். நீயே முதலில் உடைத்துக் காட்டு. ஸ்கெட்ச் பேனா வேண்டவே வேண்டாம். மூடி வாய்க்குள் போகும், மை சீக்கிரம் காய்ந்துவிடும்.

எனக்குப் பிடித்த ஒன்று சொல்கிறேன். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசிக் காயவை. பிள்ளை கையில் காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றைக் கொடு, சோப்புத் தண்ணீரில் தொட்டு இழுக்கட்டும். கோடு செக்கச்செவேல் என்று எழும்பும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் திரும்ப மஞ்சள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலைதான்; ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகள் பக்கமே கொண்டு போகாதே. பழைய சட்டை போட்டு அனுப்பச் சொல்லி முதல் நாளே அம்மாக்களிடம் சொல்லிவிடு. யூனிஃபார்மில் மஞ்சள் கறை பட்டால் மறுபடி உன்னைச் சேர்க்கமாட்டார்கள்.

இனி முக்கியமானது. நீ வரைந்து காட்டாதே. காட்டினால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓடை, ஒரு குடிசை என்று வகுப்பு முழுக்க ஒரே படம்தான் வரும். படூரில் எந்த இரண்டு மலைக்கு நடுவே சூரியன் வருகிறது? கோவளம் பக்கம் கடலிலிருந்தல்லவா வருகிறது! வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொல். ஓ.எம்.ஆர். பஸ், கிரேன், தண்ணி லாரி, ஏரி, நாய் எல்லாம் வரும். “என்னடா இது?” என்று கேட்காதே, பிள்ளை சுருங்கிப்போகும். “இதைப் பத்திச் சொல்லு” என்றால் வாய் ஓயாது. கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். அவர்களுக்குத் தமிழ் இன்னும் பிடிபட்டிருக்காது. வற்புறுத்திப் பேசவைக்காதே, படத்தைக் காட்டி விரலால் தொட்டாலே போதும்.

முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் வேண்டாம். படங்களைப் பிள்ளையின் கண்மட்டத்தில் ஒட்டு, நம் கண்மட்டத்தில் அல்ல. பின்பக்கம் பெயரும் தேதியும் எழுது. பிள்ளைகள் முகத்தைப் படமெடுத்து ஆபீஸ் குரூப்பில் போடாதே. ஓவியத்தை மட்டும் எடு, அதையும் கேட்டுவிட்டு எடு.

நான்கைந்து வாரம் ஒழுங்காகப் போனபிறகு முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம். 1996-லிருந்து இருக்கிறது, கேளம்பாக்கத்தில் கோவளம் சாலையில் திரும்பி ஈ.சி.ஆர். பிடித்தால் பக்கம்தான். குயவர் சக்கரத்தை நேரில் பார்க்கட்டும். பெற்றோர் கையெழுத்து வாங்கிக்கொள். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை, வேன் பேசுமுன் நாளைப் பார்த்துக்கொள்.