குடலிறக்கம்: பெல்ட்டோடு இன்னும் எத்தனை நாள்?

கேள்வி: எனக்கு வயது 57. ஜோகுபாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தண்ணீர் கேன், அரிசி மூட்டை எல்லாம் நானேதான் தூக்கி வைக்கவேண்டும். ஐந்தாறு வருடமாக வலது தொடை இடுக்கில் ஒரு புடைப்பு. ஹெர்னியா, ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொன்னார்கள். வலி இல்லை, படுத்தால் உள்ளே போய்விடும். அதனால் மெடிக்கலில் பெல்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டிவிட்டேன். இந்த ஒரு வருடமாகச் சாயங்காலம் ஆனால் விதைப்பை வரை இறங்குகிறது, கடுக்கிறது. கையால் தள்ளினால்தான் போகிறது. சுகர் உண்டு, பீடியும் உண்டு. தெரிந்தவர் ஒருவருக்கு வலை வைத்துத் தைத்த இடத்தில் இன்னும் வலிக்கிறதாம். முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்கிறார்கள். இப்படியே இருந்துவிடலாமா? செலவுக்கும் பயமாக இருக்கிறது.
– வாசகர், ஜோகுபாளையம், பெங்களூரு

பதில்: ஐயா, இத்தனை வருடம் ஆபரேஷன் இல்லாமல் இருந்ததற்காக உங்களை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. வலி இல்லாத, தானாக உள்ளே போகிற புடைப்போடு ஆண்கள் காத்திருக்கலாம் என்பதை மருத்துவமே ஒத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. பாதிப் பேருக்கு உடனே அறுவை சிகிச்சை. மீதிப் பேருக்குக் கண்காணிப்பு மட்டும். காத்திருந்தவர்களில் குடல் திடீரென்று சிக்கிக்கொண்டது, ஆண்டுக்கு ஆயிரம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவாகத்தான்.

ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில், பத்தாண்டுக்குள் காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 68 பேர் அறுவை சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 79 பேர். பெரும்பாலும் வலிதான் காரணம். வயிற்றுச் சுவரில் விழுந்த இடைவெளி வழியாகத்தான் குடல் வெளியே இறங்குகிறது. அந்த இடைவெளி தானாக மூடாது. மருந்தோ பத்தியமோ உடற்பயிற்சியோ அதை மூடாது. பெல்ட் புடைப்பை வெளியே வராமல் அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். குடல் வெளியே இருக்கும்போது அதன் மேலேயே பெல்ட்டை இறுக்குவது ஆபத்து. படுத்து, உள்ளே போன பிறகுதான் போடவேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டவை மூன்று: புடைப்பு வளர்ந்திருக்கிறது, வலிக்கிறது, இப்போது தள்ளித்தான் போகிறது. காத்திருக்கலாம் என்ற அறிவுரை வலியில்லாதவர்களுக்குச் சொன்னது. நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். என் கருத்தில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளத்தான் வேண்டும். சுகரைச் சீர்செய்து, வியாபாரம் மந்தமான மாதம் பார்த்து, நிதானமாகச் செய்துகொள்ள உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சிக்கிய பிறகு நடுராத்திரியில் செய்வது வேறு சங்கதி. குடலின் ஒரு பகுதி கறுத்துப்போயிருந்தால் அதையும் வெட்டி எடுக்க நேரும். சுகர் உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்து. (வீட்டுப் பெண்களுக்கு இடுப்பு மடிப்பில் இப்படிப் புடைப்பு வந்தால் காத்திருக்கவே வேண்டாம். அவர்களுக்கு வரும் தொடைப்புற இறக்கம் சீக்கிரம் சிக்கும்.)

வலையைப் பற்றிச் சொல்கிறேன். 1880களில் இத்தாலியின் பசீனி தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நைந்த துணியை இழுத்துத் தைத்தால் தையல் ஓரமே மறுபடி கிழிவதுபோல, பலருக்குப் புடைப்பு திரும்பி வந்தது. 1980களில் லாஸ் ஏஞ்சலீஸின் லிச்டென்ஸ்டைன் இழுக்காமல் மேலே ஒரு செயற்கை வலையை (மெஷ்) வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். திரும்பி வருவது வெகுவாகக் குறைந்தது. உங்களுக்குத் தெரிந்தவரின் வலி கற்பனையல்ல. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மாதக்கணக்கில் ஏதோ ஒரு வலி நீடிக்கிறது. அன்றாட வேலையையே கெடுக்கும் அளவு வலி அதிலும் சிலருக்குத்தான். அந்த இடத்து நரம்புகளை அடையாளம் கண்டு காப்பாற்றினால் இது குறையும். அதனால், இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறவரா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். தயங்க வேண்டிய கேள்வி அல்ல.

விலை உயர்ந்த வலைதான் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் டோண்காவ்கர் என்ற அறுவை மருத்துவர் கொசுவலைத் துணியையே முறைப்படி கிருமி நீக்கி நோயாளிகளுக்கு வைத்தார். 2003இல் அதை எழுதி வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் அத்தகைய மலிவு வலையையும் கம்பெனி வலையையும் ஒப்பிட்டார்கள். 2016இல் வந்த முடிவில், ஓராண்டுக்குப் பின் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நம் நாட்டு டாக்டர் ஒருவர் ஏழைகளுக்காக யோசித்த யோசனை இது. எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை உண்டு.

லேப்ராஸ்கோப்பி கட்டாயம் இல்லை. அதில் காயம் சிறிது, வலி சீக்கிரம் ஆறும். ஆனால் பொதுவாக முழு மயக்கம் தேவை, செலவும் கூடுதல். உங்களுடையதைப் போல விதைப்பை வரை இறங்கியதைத் திறந்து செய்வதே எளிது. அதற்கு முதுகில் போடும் மரப்பு ஊசியால் ஓரிரு நாள் ஊசி போட்ட இடம் நோகலாம், சிலருக்குத் தலைவலி வரலாம். ஆயுசுக்கும் முதுகுவலி என்பதற்கு ஆதாரம் இல்லை. அதுவும் வேண்டாமென்றால், புடைப்பு உள்ள இடத்தை மட்டும் மரக்கச் செய்து ஆபரேஷன் செய்ய முடியுமா என்று கேட்கலாம். நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு கேள்வி பலர் மனதில் இருக்கும்: இதனால் ஆண்மை போகாது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே சிவாஜிநகர் பவுரிங் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பி.பி.எல். கார்டு இருந்தால் ஆயுஷ்மான் பாரத் – முக்யமந்திரி ஆரோக்ய கர்நாடகா திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஏ.பி.எல். கார்டு என்றால் திட்டம் நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதத்தை அரசு ஏற்கும். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சைப் பிரிவு ஓ.பி.க்குப் போங்கள். தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

ஆபரேஷன் நாளுக்குள் வீட்டில் செய்யவேண்டியதும் உண்டு. பீடியை ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்பாவது நிறுத்துங்கள். இருமல் தையலைச் சோதிக்கும், காயமும் ஆறாது. மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பார்த்துக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மலச்சிக்கல் இருந்தாலோ, இரவில் சிறுநீர் முக்கி முக்கிப் போனாலோ, அதையும் டாக்டரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்த அன்றே நடக்கலாம். ஒரு வாரம், பத்து நாளில் கல்லாவில் உட்காரலாம். 20 லிட்டர் கேன் என்பது 20 கிலோவுக்கு மேல். அதைத் தொட நாலு முதல் ஆறு வாரம் ஆகட்டும். அதுவரை மூட்டை தூக்க ஒரு பையனை இப்போதே பேசி வையுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, வலி ஏறி, வாந்தி வந்தாலோ, காற்றுப் பிரியாமல் வயிறு உப்பினாலோ, மேல்தோல் சிவந்தாலோ, மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். பலம் கொண்டு அமுக்காதீர்கள். எதுவும் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல், எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் இதை இன்றே சொல்லி வையுங்கள்.